குண்டும் மருந்தும்

நம் கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு வியாசம் வேண்டுமென்று அதன் ஆசிரியர் எமக்கு எழுதியபொழுது, எதனைப்பற்றி எழுதுவது என வினவினோம். 'தங்கள் தருமபுரி ஜில்லாவைப்பற்றி எதுவாயினும் ஆகுக' என்று விடை வந்தது. தருமபுரியைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதியமானையும் நெல்லிக்கனியையும் எடுத்துக்கொள்வர். அன்றேல் ஒகேனக்கல் அருவியை வருணிப்பர். அவ்விரண்டையும் எம்மினும் வல்லார் பலர் எழுதிவிட்டனர். யாம் எழுத எண்ணியதோ, துப்பாக்கியில் இடும் பண்டங்களையும் அவற்றின் பெயர்களையும் பற்றி. கல்வி நிலையத்துச் சஞ்சிகையில் குண்டுக்கும் தோட்டாவுக்கும் இடமென்ன என்று வாசகர் புருவம் நெரித்தல் கூடும். இடமுண்டு என்பதே எம் துணிபு. என்னை? ஒரு சொல்லை வாசிக்கவும் மொழிபெயர்க்கவும் தெரிந்து, அதன் பொருளை மட்டும் அறியாதிருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனால் ஒரு மனிதருடைய கைவிரல் மூன்று போயின. அச்சிறுவன் யாமே.

எம் தாயுடன் பிறந்த மாமன் பென்னாகரத்துக்கு மேற்கே, ஒகேனக்கல் செல்லும் சாலையை விட்டுச் சிறிது விலகியதோர் ஊரில் வானம் பார்த்த பூமி நான்கு ஏக்கர் வைத்துப் பயிர் செய்துவந்தார். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை என்பனவே விளைவு. காடு அருகிலிருந்தமையால் விளைவில் முதற் பங்கு காட்டுப்பன்றிக்கு, எஞ்சியதே குடியானவனுக்கு. அது காரணமாகவே மலையோரத்து ஊர்களில் சிலருக்குச் சர்க்கார் உரிமச்சீட்டோடு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய்வழியே கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. அதன் உறுப்புக்களுக்கு மாமன் வழங்கிய பெயர்கள் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றன. குழல், கட்டை, விசை, குதிரை, பற்றுவாய், கெஜக்கோல் என்பன அவை. விசையைத் தொட்டவுடன் பாய்ந்து அடிப்பதனால் குதிரை என்றது எத்துணைப் பொருத்தம்! மருந்தை இடிக்கும் கோலுக்குக் கெஜம் என்ற பெயர் ஏன் வந்தது என நெடுங்காலம் மயங்கினோம். ஹிந்துஸ்தானியில் துணி அளக்கும் கோலுக்கும் துப்பாக்கி இடிக்கும் கோலுக்கும் அஃதொன்றே பெயர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தோம்.

மாமன் துப்பாக்கி கெட்டிக்கும் காட்சியைச் சிறுவராகிய யாம் ஒரு சடங்கைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்போம். எருமைக் கொம்பிலிருந்து மூங்கிற் கணுவாலாகிய அளவுக்குப்பியில் மருந்தை வார்ப்பார். அதனைக் குழலில் கொட்டுவார். தேங்காய் நாரைத் தக்கையாக உருட்டி இட்டுக் கெஜக்கோலால் இடிப்பார். பின் பன்றிக்கு எனில் ஒரு குண்டு, காட்டுக்கோழிக்கு எனில் ஒரு பிடி ரவை. மேலே மீண்டும் சிறிது நார். கடைசியாகப் பற்றுவாயின் முளைமீது செம்பாலாகிய சிறு 'கேப்பு' ஒன்றைக் கவிழ்ப்பார். இவ்வளவும் முடியுமுன் பன்றி பக்கத்து ஊர் சென்றுவிடும் என்று அத்தை நகைப்பது வழக்கம்.

இச்சொற்களில் நம்முடையவை எவை, வந்தவை எவை எனப் பார்ப்போமாயின் ஒரு சரித்திரமே விரியும். துப்பாக்கி துருக்கிச் சொல். அவர்கள் நாவில் அது 'துபெக்', 'துஃபெக்' என வழங்கியது. பீரங்கி என்பது பறங்கியரின் பெயரே அவர்கள் கொணர்ந்த கருவிக்கு ஆகிவந்தது. தீத்தட்டும் சக்கிமுக்கியும் துருக்கியே. குண்டு ஒன்றே தமிழ். உருண்டது எதுவாயினும் அதற்கு அப்பெயர் சாலும். ஆதலின் சிறுவர் ஆடும் கோலியும், வானூர்தியினின்று வீழ்வதும், மின்விளக்கின் கண்ணாடியும், உண்டு கொழுத்த நம் நண்பரும் குண்டே ஆயினர். ரவை ஹிந்துஸ்தானியினின்று வந்தது. மணி, துணுக்கு என்று பொருள். காலையில் உப்புமாவாகும் ரவையும் கோழியை வீழ்த்தும் ரவையும் ஒன்றே சொல். மாமன் வீட்டில் அவ்விரண்டும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருந்தமையால் அத்தை ஈயத்தின் டப்பாவிற்குச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். வேறொரு டப்பாவிற்கும் அப்படி ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும் என்பது பின்னர்த் தெரிந்தது.

குண்டு வார்ப்பது மழைநாள் வேலை. இடுக்கி போன்ற இரும்பு அச்சு ஒன்று மாமனிடம் இருந்தது. ஈயத்தை அகப்பையில் உருக்கி அச்சின் துளையில் ஊற்றினால் ஒரு குண்டு விழும். 'ராத்தல் ஈயத்துக்கு இருபது குண்டு' என்பார். அது அவர் தந்தையார் சொல்லிய கணக்கு. ஈயம் வாங்கியதும் உண்டு. வயலிற் கிடைத்ததும் உண்டு. ஏர் உழும்பொழுது வெண்சுண்ணம் பூத்தாற்போன்ற மேற்பூச்சுடன் பெரிய ஈயக்குண்டுகள் சிற்சில வேளை மேலே வரும். ஊரார் அவற்றைத் 'திப்பு காலத்துக் குண்டு' என்பர். அவை மாமனுடைய அச்சுக்குப் பெரியன; ஆகவே உருக்கப்பட்டுப் பன்றிக்குண்டாக மறுபிறவி எடுத்தன.

திப்பு காலம் என்று ஊரார் கூறுவது வெறும் கதையன்று. மைசூர்ப் போர்களில் இப் பாராமகால் நாடு படைகள் போகவும் வரவும் மிதித்த களமாகவே இருந்தது. 1767-இல் காவேரிப்பட்டினத்தில் ஹைதரும் கும்பினியாரும் பொருதனர். 1791-இல் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனை இராயக்கோட்டையைப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்துக் கோட்டையை மோதிக் கைப்பற்றினர். அடுத்த மாதம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏற முயன்று முறியடிக்கப்பட்டனர். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்து உடன்படிக்கையால் நாடு கும்பினி வசமாயிற்று. காப்டன் ரீடும் அவருக்குத் துணைவராகத் தாமஸ் மன்றோவும் நிலவரி வகுக்க வந்தனர்.

அப்போர்களில் கும்பினிச் சிப்பாய்களின் கைத்துப்பாக்கி முக்கால் அங்குலக் குழல் உடையது. அதன் குண்டு ராத்தலுக்குப் பதினான்கு. குழலினும் குண்டு சிறிதாயிருந்தமையால் விரைவில் நழுவி இறங்கும். குறியும் அவ்வாறே நழுவும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவனைக் குறிவைத்து வீழ்த்துதல் அதிருஷ்டத்தின் செயலாம். ஆகவேதான் வரிசையாக நின்று ஒருங்கே சுட்டனர். மைசூரார் பக்கத்திலோ இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிற் கழியில் கட்டிய வாணங்கள் பறந்தன. அவற்றைக் கண்டு அஞ்சிய ஆங்கிலேயர் சில குழாய்களை உல்லிச்சுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தனர். வில்லியம் காங்கிரீவ் என்பார் 1805-ஐ ஒட்டித் தம் பெயரால் வாணங்கள் செய்தனர். வாணம் என்னும் சொல் பாணம் என்பதன் திரிபு. அம்பு என்பதே அதன் பொருள். தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைக் காணும்பொழுதெல்லாம் எமக்கு இந்நினைவு வரும். ஆநிரை மீட்டு மாண்ட வீரன் உடலில் தைத்த அம்புகளைக் கல்தச்சன் எண்ணிச் செதுக்கியிருப்பான். தைத்த குண்டைச் செதுக்குவது எங்ஙனம்? அம்பு உடலுக்கு வெளியேயும் நிற்கும். குண்டோ உள்ளே மறையும்.

அதியமானை எழுதுவதில்லை என்று மேலே கூறினோமாயினும் ஒன்று சொல்லாது விட மனம் வரவில்லை. தொண்டைமானுடைய படைக்கலங்கள் நெய் பூசி அழகாயிருக்கின்றன, அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று ஒளவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 95-ஆவது. மாமனுடைய துப்பாக்கியும் ஆண்டுக்கு இருமுறை கொல்லன் உலையில் கிடக்கும். அதற்குக் காரணம் வீரமன்று, துரு.

நிற்க. தோட்டா என்பதற்கு வருவோம். மருந்தையும் குண்டையும் தனித்தனியே எடுத்து அளந்து கொண்டிருந்தால் போர்க்களத்தில் உயிர் போய்விடும். ஆதலால் ஒரு முறைக்கு வேண்டிய மருந்தையும் ஒரு குண்டையும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டி வைத்துக்கொண்டனர். அப்பொட்டலமே தோட்டா. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் கார்ட்ரிட்ஜ் என்னும் பெயர் காகிதத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லின் வழியது. போர்ச்சுகீசியர் நமக்குத் தந்த 'கடுதாசி'யும் அக்குடும்பத்ததே. ஆகவே பாட்டியார் ஊருக்கு எழுதிய கடுதாசியும் சிப்பாயின் தோட்டாவும் சொல்வகையில் பங்காளிகள் ஆவர். சிப்பாய் அத்தோட்டாவின் முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்துச் சிறிது மருந்தைப் பற்றுவாயிலும் மீதியைக் குழலிலும் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே இடிப்பான். முன்பல் இல்லாதவன் பட்டாளத்துக்கு உதவான். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டாவில் கொழுப்புத் தடவியிருந்ததும், அக்கொழுப்புப் பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி பரவியதும், 1857-இல் விளைந்ததும் நம் மாணாக்கர் யாவரும் பரீட்சைக்கு மனனம் செய்தவையே. அச்செய்தி முதலிற் புகைந்தது கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் இடத்தில். நாற்பது ஆண்டுக்குப்பின் அதே டம்டம் தொழிற்சாலையில்தான் உடலிற் பட்டவுடன் முனை விரியும் குண்டு செய்தனர். 1899-இல் ஹேக் நகரத்து மாநாடு அவ்வகைக் குண்டைப் போரில் விலக்கியது. ஊர்ப்பெயர் ஒன்று இவ்வகையிற் பல பாஷைகளில் நிலைபெற்றது அவ்வூருக்குப் பெருமையோ, அறியோம்.

மாமன் கவிழ்த்த 'கேப்பு'க்கும் ஒரு கதையுண்டு. சக்கிமுக்கிக் கல்லின் பொறி முதலில் பற்றுவாயில் மினுங்கும். அம்மினுக்கைக் கண்டு பறவை எழுந்து பறந்துவிடும். அதன் பின்னரே வெடி தீரும். ஸ்காத்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் சிற்றூரின் போதகர் அலெக்ஸாண்டர் ஃபார்சைத் என்பார் வாத்து வேட்டையில் விருப்பமுடையவர். இவ்விடையூறு பொறாது, தட்டினாலே தீப்பற்றும் இரசக் கூட்டு ஒன்றைப் பயன்படுத்தும் முறை கண்டு 1807-இல் உரிமை பெற்றார். அதன் வழிவந்ததே செம்புக் கேப்பு. அக்கேப்பையும் மருந்தையும் குண்டையும் ஒரே கூட்டில் அடைத்த பின்னர்த்தான் துப்பாக்கியைப் பின்புறத்தே திறந்து கெட்டித்தல் எளிதாயிற்று. பாரிஸில் பௌலி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் 1812-இலேயே அதற்கு அடிகோலினர். 1866-இல் ஆங்கிலேயராகிய பாக்ஸரும் அமெரிக்கராகிய பெர்டனும் தனித்தனியே கேப்பு அமைக்கும் இருவகை கண்டனர். இதில் ஒரு வேடிக்கை: ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவிலும் நிலைத்தன.

இனி எம் கதை. 1968-ஆம் ஆண்டு ஐப்பசி. தீபாவளி விடுமுறைக்கு மாமன் வீடு சென்றிருந்தோம். யாம் அப்பொழுது ஒன்பதாம் வகுப்பு. ஆங்கில எழுத்துக்களைத் தடையின்றி வாசிப்போம் என்பதில் எம் மாமனுக்கு எம்மினும் பெருமை அதிகம். கடலை பிடுங்கும் பருவம். இரவுதோறும் பன்றிகள் வந்து பாத்தி பாத்தியாக உழுதுபோட்டன. அடைமழையில் கொம்பிலிருந்த மருந்து நமுத்துவிட்டது. கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லை. உரிமக்காரருக்கு மருந்து விற்கும் கடை நகரத்தில் இருந்தது. அது பண்டிகை கழிந்தாலன்றித் திறவாது. அதுவரை கடலை எங்கே இருக்கும்?

வேட்டைக்காக எப்பொழுதேனும் வரும் நகரத்து நண்பர் ஒருவர் மாமனிடம் பழைய சீமைத் தோட்டாக்கள் நான்கை விட்டுச் சென்றிருந்தார். காகிதக் கூடு, அடியில் பித்தளை. ஈரத்தில் கூடு ஊதி அவருடைய துப்பாக்கியில் நுழைய மறுத்தமையால், 'ஈயமாவது உமக்கு உதவும்' என்று கொடுத்தவை. மாமன் விளக்கடியில் அமர்ந்து ஒன்றை எம் கையில் தந்து கேட்டார்:

'என்ன எழுதியிருக்குது, மாப்பிள்ளே?'

பன்னிரண்டு என்ற எண்ணும், 'எஸ். ஜி.' என்ற எழுத்தும், 'ஸ்மோக்லெஸ்' என்ற சொல்லும் இருந்தன. முதலிரண்டும் எமக்கு விளங்கவில்லை. மூன்றாவது விளங்கியது, அன்றி, விளங்கியதாக நினைத்தோம்.

'புகையில்லாத மருந்துன்னு போட்டிருக்குது, மாமா.'

'புகை வராதா? அப்ப நல்லதுதானே. ஒரு வெடி தீர்ந்ததும் கண்ணை மறைக்குதே, அது இருக்காது.'

எம் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. இன்று எந்த ஆசிரியரிடம் காட்டினும் முழு மதிப்பெண் தருவர்.

மாமன் கூட்டைக் கத்தியால் அறுத்தார். உள்ளிருந்தது கருமணியாக இல்லை; சாம்பல்நிறச் சிறு தகடுகளாக இருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்து, 'கந்தக வாசனையே இல்லை, சீமைச் சரக்கு' என்றார். ஒரு தோட்டாவின் மருந்து அவருடைய மூங்கில் அளவில் பாதியைச் சற்றே கடந்தது. மற்றொன்றையும் அறுத்து அளவை நிரப்பினார். தந்தையார் காலம்தொட்டு அந்த அளவே அளவு. நாரை இட்டு வழக்கம்போல் இறுக இடித்தார். ஒரு குண்டு உருட்டினார். பின்னிரவில் பரண்மேல் இருந்து அவர் சுட்ட ஒலி வழக்கமான 'தொம்' என்ற ஒலியன்று. தகடு கிழியும் ஒலி. யாம் வீட்டுத் திண்ணையில் விழித்திருந்தோம். பற்றுவாய்க்கு ஒரு சாண் முன்னே குழல் நெடுகப் பிளந்திருந்தது. இடக்கையின் மூன்று விரல்கள் இல்லை. ஒரு செவி அன்றுமுதல் கேளாதாயிற்று. கட்டைவண்டியில் பென்னாகரத்துக்கும், அங்கிருந்து லாரியில் தருமபுரிக்கும் கொண்டுசென்றோம். போலீஸ் விசாரணையும், உரிமச்சீட்டு ரத்தானதும் பின்னே முறைப்படி நடந்தன. அவ்வாண்டுக் கடலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எம்மை ஒருவரும் ஒரு சொல் கூறவில்லை. அதுவே பெருந்துன்பமாயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமன் ஒருமுறை மட்டும் கேட்டார்: 'மருந்துன்னா மருந்துதானே, மாப்பிள்ளே?' நகைத்துக்கொண்டே கேட்டார். யாம் விடை கூறவில்லை, கூற அறியோம்.

விடை கிடைத்தது நான்கு ஆண்டு கழித்து, நம் கல்லூரி நூல்நிலையத்தில், ஒருவரும் எடுக்காத அலமாரி ஒன்றில் இருந்த பழைய ஆங்கில வேட்டைநூல் ஒன்றில். அன்று பாடம் ஒன்றைக் கைவிட்டு மாலைவரை அங்கேயே இருந்தோம். மருந்து இரண்டு. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது ஒன்று. உலகம் முழுவதும் சில நூற்றாண்டுகள் அதொன்றையே அறியும். அது எரிந்தால் பாதிக்குமேல் கரியும் புகையுமாகவே மிஞ்சும், வாயுவாவது குறைவு. மற்றொன்று, பஞ்சு அல்லது மரநாரை அமிலத்தில் ஊறவைத்துப் பெறும் இரசாயனப் பொருள். 1884-இல் பிரான்ஸ் தேசத்துப் பால் வியேல் அதனைத் துப்பாக்கிக்கு ஏற்றபடி பக்குவப்படுத்தினர். 1886-இல் அந்நாட்டுச் சேனையின் லெபெல் துப்பாக்கியில் அது வழங்கியது. நோபெல் 1887-இல் ஒருவகையும், ஆங்கிலேயர் 1889-இல் கார்டைட் என்னும் கயிறு வடிவான ஒருவகையும் செய்தனர். இவை ஏறக்குறைய முழுதும் வாயுவாகும். ஆதலாற் புகை இல்லை. புகை இல்லாமை அதன் குணத்தில் ஒரு சிறு பகுதியே. பெருங்குணம் வேறு: அடைபட்ட இடத்தில் அமுக்கம் ஏற ஏற அது மேலும் மேலும் விரைந்து எரியும், விரைந்து எரிய எரிய அமுக்கம் மேலும் ஏறும். கரிமருந்துக்கு அக்குணம் மிகக் குறைவு. எனவே கரிமருந்தைக் கண்ணளவாகக் குப்பியில் அளக்கலாம். மற்றதை அக்குப்பியில் அளப்பவன் தன் கையைப் பணயம் வைக்கிறான்.

மாமன் செய்த பிழையைச் சீமையில் அவருக்கு எண்பது ஆண்டு முன்னரே பலர் செய்திருந்தனர் என்பதையும் அந்நூலிற் கண்டோம். புதுமருந்து வந்தபொழுது பழைய அளவுக்குப்பியில் அளந்து துப்பாக்கி பிளந்தோர் அங்கும் உண்டு. அதனால் அளவுக்கு அளவு கரிமருந்தோடு ஒத்துவருமாறு சோம்பலாக்கிய மருந்துகளையும் சிலர் விற்றனர். பிரஷ்யாவின் பீரங்கிப்படைக் காப்டன் ஷுல்ட்சே மரத்திலிருந்து செய்தது அத்தகையது. தோட்டாப் பெட்டிகளில் 'இது இத்தனை டிராம் கரிமருந்துக்குச் சமம்' என்று அச்சிடும் வழக்கமும் எழுந்தது. மாமனுக்குக் கிடைத்தவை பெட்டியில்லாத நான்கு.

அந்நூலிலேயே எம்மைத் திகைக்கச்செய்த மற்றொரு செய்தியும் இருந்தது. 'பன்னிரண்டு' என்று தோட்டாவில் இருந்ததன் பொருள்: குழலின் வாய்க்குச் சரியாக உருட்டிய ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல். இருபது என்றால் ராத்தலுக்கு இருபது. ஆகவே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். மாமனுடைய தந்தையார் கூறிய 'ராத்தலுக்கு இருபது' அதே கணக்கன்றோ! சீமைத் துப்பாக்கித் தொழிலாளர் அறிந்ததை எம் ஊர்க் குடியானவரும் அறிந்திருந்தனர். எம் மாமனுக்கு அந்தப் பன்னிரண்டின் பொருளை யாம் சொல்லியிருந்தால் அவர் உடனே விளங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு விளங்கியிருக்கக்கூடியதை யாம் வாசிக்க அறியவில்லை; எமக்கு விளங்கியதாகத் தோன்றியதை வாசித்துச் சொன்னோம். காலிபர் என்னும் சொல்லும் அராபியில் அச்சைக் குறிக்கும் 'காலிப்' என்பதினின்று வந்தது என்பர். மாமனுடைய இடுக்கி அச்சு இன்று எம் மேசையறையில் உள்ளது. அதனுடன் உருக்காமல் எஞ்சிய குண்டு ஒன்றும். பொற்கொல்லர் தராசில் நிறுத்தபொழுது 22 கிராமும் சில்லறையும் இருந்தது. ராத்தலுக்கு இருபது சரியே.

எண்களில் மயங்குவோர் இன்றும் பலர். 303 என்பது அங்குலத்தை ஆயிரங் கூறிட்டதில் குழலின் உள்வாய். அதில் இடும் குண்டோ 311-க்கும் சற்று மேல். 7.62 என்பது மில்லிமீட்டர். 410 என்னும் சிறு துப்பாக்கி, மற்றைய ரவைத் துப்பாக்கிகளைப்போல் ராத்தற் கணக்கில் வராமல் அங்குலக் கணக்கில் வரும். ஏ.கே. 47-இல் வரும் 47 அளவே அன்று, 1947-ஆம் ஆண்டு. வீரப்பன் காட்டில் இருந்த நாள்களிலும், 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டியருகே அவர் மாண்ட பின்னரும், எம் ஜில்லாவின் தேநீர்க்கடைகளில் இவ்வெண்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து உலவின. செய்தித்தாள்களிலோ 'தோட்டா உடலைத் துளைத்தது' என்று எழுதுகின்றனர். துளைப்பது குண்டு, தோட்டாவின் கூடு சுட்டவன் காலடியில் கிடக்கும். 'காலித் தோட்டா' என்றால் சுட்டுத் தீர்ந்த கூடா, குண்டில்லாத ஒலித்தோட்டாவா என்பதற்கும் தெளிவில்லை. ஈழத்துத் தமிழர் இவ்வகையில் நம்மினும் கைவந்தவர்; சன்னம், ரவை என்னும் பழஞ்சொற்களை அங்குப் பத்திரிகைகள் இயல்பாக வழங்கின. அவர்கள் அச்சொற்களிற் கைவந்ததற்கு நேர்ந்த காரணத்தை எண்ணினால் அப்பெருமை நமக்கு வேண்டாம்.

நீலகிரி ரயிலில் குன்னூரைக் கடந்து செல்வோர் அருவங்காட்டைப் பார்த்திருப்பர். கார்டைட் செய்யும் தொழிற்சாலை 1903-இல் அங்கு ஏற்பட்டது. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் சர்க்கார் நிறுவனத்தின் கீழ் உள்ளது. ஒருமுறை மாமனுடன் உதகைக்குச் சென்றபொழுது ரயில் அவ்விடத்தே நின்றது. 'அந்த மருந்து இங்கேதான் செய்கிறார்கள்' என்று காட்டினோம். அவர் இரண்டு விரலே உள்ள இடக்கையைச் சன்னலில் ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். 'எம்மாம் பெரிய இடம்' என்றார். பிறகு, அந்நாளைய விடையை அவருக்குச் சொன்னோம். மருந்து இரண்டு என்பதையும் விளக்கினோம். அவர் அதனை உழவன் விதையை வாங்குவதுபோல் ஆய்ந்து வாங்கிக்கொண்டார்.

'இரண்டுக்கும் ஒரே பேரை வெச்சா என்ன செய்யறது, மாப்பிள்ளே? படிச்சவங்க வேற பேர் வையுங்களேன்.'

யாம் எமக்குத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகக் கூறினோம். பழையதற்குக் கரிமருந்து என்றோம், அதனை ஏற்றார். புதியதற்குப் புகையிலி என்றோம். 'அதைத்தானே அன்னைக்குச் சொன்னே' என்றார். உந்துமருந்து என்றோம், வயிற்றுக்குக் கொடுப்பதுபோல் இருக்கிறது என்றார். வெடிமம் என்றோம், வாயைத் திறந்து சிரித்தார். கேத்தி வருமட்டும் இது நடந்தது.

மாமன் 1996-இல் காலமானார். ஈமக்கிரியைக்கு வந்த உறவினர் இருவர் பந்தலில் அமர்ந்து பன்றி வெடியைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். தோட்டாவை அறுத்து மருந்து எடுக்கலாமா என்று இளையவர் கேட்க, 'ஐயோ, அது வெரல் தின்ற மருந்துடா' என்று மூத்தவர் சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பக்கத்து ஊர்களில் அதற்கு அதுவே பெயராகி இருபது ஆண்டுக்குமேல் ஆகிவிட்டதென்று விசாரித்து அறிந்தோம்.